ஏறுத டேங்கா, இறங்குத டேங்கா

"ஏறுத டேங்கா, இறங்குத டேங்கா? அதக் கேட்டீங்களா?"

கிழக்கேகோட்டையிலிருந்து கரமனை வழியாகப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் கணவனிடம் கேட்டாள். அவன் மடியில் புது பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் இருந்தன.

"வேலைக்குக் கூப்பிட்ட சாரு டேங்க் கழுவணும்னுதான் சொன்னாரு. மொட்டமாடித் தண்ணி டேங்காத்தான் இருக்கும்."

"அதுக்கு எதுக்குக் கயிறு கொண்டாரச் சொன்னாரு? பீத்தொட்டிக்கும் அதே பேருதான. உள்ள போனா மூச்சு முட்டி அங்கயே கெடக்கணும்."

பக்கத்தில் நின்ற வேட்டிக்காரர் குனிந்தார். "டேங்க்ங்கறது இங்கிலீஷ்காரன் வார்த்தையே இல்லேம்பா, கேட்டேளா. குஜராத் பக்கம் தண்ணி தேக்கி வைக்கற எடத்தை அப்படிச் சொல்வா. இங்கேந்து போனது."

"அப்ப தண்ணிதானய்யா?" அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"மூலத்துல தண்ணிதான்."

"இப்ப?"

அந்தப் படித்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கணவனின் போனைப் பிடுங்கி, வேலைக்குக் கூப்பிட்ட வீட்டின் சொந்தக்காரரை அழைத்தாள். "சாரே, கக்கூஸ் டேங்கா?"

அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது. "டாங்க் தன்னே. அவனோடு வேகம் வரான் பற." டேங்குதானாம்; அவனைச் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கரமனை வந்தது. கணவன் இறங்க எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நான் போகலன்னா வேற ஆளக் கூப்பிட்டுருவாரு."

"கூப்பிடட்டும்."

"கரமன இறங்ஙான் ஆளுண்டோ?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இறங்கல. இங்க யாரும் இறங்கல. வண்டிய எடுங்க."