பாயம்மாவை நான் பார்த்துக்கொண்ட விதம்

எனக்கு நாற்றம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மீன் கழுவிய கையால் யாராவது கன்னத்தைத் தொட்டுவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. உங்கள் ஸ்டேஷனில் காலையில் பினாயில் ஊற்றித் துடைக்கிறார்கள். அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, மேடம்.

நேற்று உங்கள் ரைட்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். பொய்யாக எதுவும் இல்லை, ஆனால் ஒற்றுப்பிழைகள் அதிகம். நான் பதினோரு வருடம் தமிழ் டீச்சராக இருந்தவள். அதனால்தான் பேப்பர் கேட்டேன். நானே எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

முதல் நாளே நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் முஸ்லிம் என்பதால் ஏதாவது மனதில் இருந்ததா என்று. இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் அந்தப் பேச்சே கிடையாது. திண்டிவனத்துக்கு வெளியே, மரக்காணம் ரோட்டில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்த கொல்லையை மனை போட்டு விற்ற இடம்தான் வெற்றி நகர். மொத்தம் பதினாலு வீடு. காணை கிராமத்தில் நிலத்தை வைத்துக்கொண்டே, பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வந்தவர் என் அப்பா துரைக்கண்ணு. எதிர் வீடு யூசுப் அலி மாமாவுடையது. கோட்டக்குப்பத்துக்காரர், குவைத்தில் இருந்தார். பக்கத்தில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் சமணரான நயினார் வீடு. மூலையில் சவுரிராயன் சார், ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்று ராத்திரி எண்ணித்தான் பார்ப்பார்கள்.

யூசுப் அலி மாமாவின் மனைவி ஜமீலா பீவி. நாங்கள் எல்லோரும் பாயம்மா என்போம். நான் பிறந்ததும் என் அம்மா கெங்கம்மாளுக்கு ஜன்னி கண்டுவிட்டது. மாதக் கணக்கில் படுக்கை. பாயம்மாவுக்கு அப்போது முஹ்சினா கைக்குழந்தை. ஒரு பக்கம் அவளும் மறு பக்கம் நானுமாகப் பால் குடித்தோமாம். இந்தக் கதையை என் காதுகுத்தில் சொன்னார்கள், நான் வயதுக்கு வந்த சடங்கில் சொன்னார்கள், என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்கள், நான் கணவரை விட்டுத் திரும்பி வந்தபோதும் யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன். எனக்கு வாய்க்குள் வேறொருத்தியின் வியர்வை கரிப்பது போலிருக்கும்.

ஒன்பது வயதில் முஹ்சினாவின் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குக் கோட்டக்குப்பம் போனோம். பெரிய தட்டில் சோறு வைத்து நாலு பேராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சகன் என்பார்கள். நெய்யில் மினுக்கும் மூன்று பேர் விரல்கள் சோற்றுக்குள் போவதையும் நக்கப்படுவதையும் மறுபடி போவதையும் பார்த்தேன். நானும் சாப்பிட்டேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பாரு, எங்க கவி எப்படி ஆசையா சாப்பிடுது," என்றார் பாயம்மா, தன் பக்கத்துக் கறித்துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளியபடி.

அதையும் சாப்பிட்டேன். அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். அருவருப்பை முகத்தில் காட்டாமலிருந்தால் ஊரே நம்மை நல்ல பிள்ளை என்கிறது. சவுரிராயன் சார் கோழையைக் காறித் துப்பும் பித்தளைச் சொம்பை நான்தான் கழுவிக் கொடுப்பேன். என் அம்மாவின் வெற்றிலை எச்சிலையும் நான்தான் துடைப்பேன். எல்லோருக்கும் ஒரே முகம்தான் வைத்திருந்தேன். இதில் மதம் எங்கே இருக்கிறது?

காலம் போனது. என் அப்பா அம்மா போனார்கள், யூசுப் அலி மாமாவும் போனார். அண்ணன் கோகுலகிருஷ்ணன் சென்னையோடு இருந்துவிட்டான். முஹ்சினா கணவர் ரபீக்கோடு ஷார்ஜாவில். எதிரெதிர் வீடுகளில் நானும் பாயம்மாவும் மட்டும் மிஞ்சினோம்.

போன ஆகஸ்டில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. விழுப்புரத்தில் காட்டினோம். எழுபத்திரண்டு வயது, இதயம் பலவீனம், ஆபரேஷன் தாங்காது என்றார்கள். படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முஹ்சினா பத்து நாள் லீவில் வந்திருந்தாள். ஏஜென்சியில் சொல்லி ஒரு நர்ஸ் போடுவதாக இருந்தாள். வாசலில் தெருவே கூடி நின்றது.

"வெளியாளு எதுக்கு? நான் இல்ல?" என்றேன்.

முஹ்சினா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெத்த பொண்ணு நானு ஓடிப் போய்க்கினு கீறேன். நீ இருக்கேன்னுதான் போறேன் கவி."

"கவிதா பாத்துக்கும்மா, நீ தைரியமா போ," என்றார் சவுரிராயன் சார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து வாங்கிக்கொண்டவளாகவே நின்ற தெருவில் முதல் தடவையாகக் கொடுப்பவளாக நின்றேன். முஹ்சினா கொடுக்க வந்த பணத்தைத் தொடவில்லை. வேலையையும் விட்டேன்.

முதல் மாதம் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. இதைக் கலையரசி சொல்லுவாள். நயினார் வீட்டு மருமகள். அவள் வந்து புரட்டிப் படுக்க வைக்க உதவினாள். கேப்பைக் கஞ்சி, மசித்த சோறு, வேளைக்கு மாத்திரை, இரண்டு மணிக்கொரு தடவை புரட்டுவது. ஆனால் ஒரு மனித உடம்பு எவ்வளவு வெளியேற்றும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துடைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தால் மறுபடி. சோப்பு போட்டாலும் நகத்துக்குள்ளிருந்து நாற்றம் போகவில்லை. இட்லியைப் பிட்டால் அந்த வாசனை. என் தலையணையில் அந்த வாசனை. நான் அப்போதும் முகம் சுளிக்கவில்லை. அவர் பாவம், ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு, "உனக்கு பேஜாரு குடுக்குறேன் புள்ள," என்பார்.

"அதெல்லாம் இல்ல பாயம்மா," என்பேன்.

அக்டோபரில் யோசித்தேன். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். மூன்று வேளையை இரண்டாக்கினேன். பெரியவர்கள் எப்படியும் குறைவாகத்தானே சாப்பிடுவார்கள். பலன் தெரிந்தது. நவம்பரில் ஒரு வேளையாக்கினேன். பிறகு தண்ணீர். அதுதான் அதிகத் தொல்லை, மெத்தை வரை போய்விடும். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர். பிறகு சாயங்காலம் மட்டும்.

புரட்டுவதையும் குறைத்தேன். புரட்டினால்தான் வாசனை கிளம்பியது. இடுப்புக்குக் கீழே ஒரு புண் வந்திருந்தது. முதலில் எட்டணா அகலம். பவுடர் போட்டேன். அடுத்த முறை பார்த்தபோது உள்ளங்கை அகலம் இருந்தது. மறுபடி, விரிப்பு மாற்றும்போதுகூட, நான் பார்க்கவில்லை.

யாரும் வந்து பார்க்கக்கூடாது, இன்ஃபெக்‌ஷன் ஆகும் என்று டாக்டர் சொன்னதாகத் தெருவில் சொன்னேன். வெற்றி நகரில் பகலில் கதவு சாத்திய முதல் வீடு அதுதான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்தார்கள், அவருக்கென்று. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கறியாக இருந்தால் நாய்க்குப் போட்டேன்.

கலையரசி மட்டும் ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக, "கவிதாக்கா, எலி கிலி செத்துக் கெடக்குதா? எங்க ஜன்னல் பக்கம் ஒரே நாத்தம்," என்றாள்.

"ஆமா, பரண்ல. ஆளு வரச் சொல்லிக்கீறேன்," என்றேன். அன்றிலிருந்து இரண்டு வேளையும் சாம்பிராணி போட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் முஹ்சினா வீடியோவில் வருவாள். அதற்கு முன் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, சலவை வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் சுற்றிவிடுவேன். முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடிப்பேன். பாயம்மா ஏன் சொல்லவில்லை என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது? நான் மிரட்டியதே இல்லை. முஹ்சினா மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, நீங்கள் எதையாவது சொன்னால் அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாள், பையன் படிப்பு என்ன ஆவது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். "நல்லா பாத்துக்குறா," என்பார் மகளிடம்.

ஒருமுறைதான் தவறினார். டிசம்பர் கடைசி வெள்ளி. "தாகமா கீது," என்றார் திடீரென்று, போனைப் பார்த்து.

"என்னாம்மா, இப்பதான குடிச்சீங்க," என்று சிரித்துக்கொண்டே நான் டம்ளரை எடுத்து அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோனேன். திரையில் முஹ்சினாவும் சிரித்தாள். அழைப்பு முடிந்ததும் ஒரு சொட்டும் கொடுக்காமல் டம்ளரை அலமாரியில் வைத்துவிட்டேன். அப்போதுதான் விரிப்பு மாற்றியிருந்தேன். அவர் கண் அலமாரி வரை டம்ளரோடு போனது. கோபமாக இல்லை. மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை இறந்தார். அதற்கு முன் இரண்டு நாளாக நான் எதுவும் கொடுக்கவில்லை. காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "கவி, ஒரு வாய் தண்ணி. கவி." நான் ஹாலில் பழைய மாணவி ஒருத்தி கட்டுரைப் போட்டிக்கு எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல் பெயர் தெளிவாக இல்லை. உலர்ந்த இலையை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். மதியத்துக்கு முன் அதுவும் நின்றது. கட்டுரையை முடித்துவிட்டு, குளித்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சவுரிராயன் சார் வீட்டில் போய்ச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து அழுதார்.

முஹ்சினா மறுநாள் காலை வந்தாள். கோட்டக்குப்பத்திலிருந்து சொந்தக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டும்போது நானும் உள்ளே இருக்க வேண்டும் என்று முஹ்சினாதான் சொன்னாள். "அவளும் பொண்ணுதான்," என்றாள். நான் தண்ணீர் மொண்டு கொடுக்க நின்றேன். போர்வையை விலக்கினார்கள்.

பெண்களில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இன்னொருத்தி ஏதோ துஆவைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். புண் எலும்பு வரை போயிருந்தது. உள்ளே அசைவதும் இருந்தது. விரிப்பின் துணி சில இடங்களில் தோலோடு ஒட்டியிருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் எடைகூட இல்லாத உடம்பு.

முஹ்சினா என்னைப் பார்த்தாள். "இது எத்தினி நாளா கவி?"

"தீபாவளிக்கு முன்ன இருந்து," என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. போனில் அவள் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது அவள் அம்மாதான்.

அவள் கத்தவில்லை. என்னை அடிப்பாள் என்று மற்றவர்கள் பயந்தார்கள். அவள் குனிந்தாள். அந்தப் புண்ணுக்கு நாலு விரற்கடை மேலே, அந்த ஈரத்தில், அந்த நாற்றத்தில், தன் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். அவள் முடி அதில் தோய்ந்தது. "ம்மா, ம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் மக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும், வாசலிலேயே, வாந்தி எடுத்தேன். சவுரிராயன் சார் தாங்கிப் பிடித்தார். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஓடிவந்த பெண் அவர் காதில் சொன்னபிறகுதான் கையை எடுத்தார். பிறகு அந்தக் கையைத் தன் வேட்டியில் துடைத்தார். நான் பார்த்தேன்.

அடக்கம் செய்வதை நிறுத்தி உங்களுக்குப் போன் போட்டது முஹ்சினா. அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் இடத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நீங்கள் கேட்டீர்கள். ஆமாம். விழுப்புரத்தில் உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். கட்டிலிலிருந்து சமையலறைக் குழாய் ஆறு அடி. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டது காதில் விழுந்தது. கொடுத்தால் விரிப்பு நனையும் என்று கொடுக்கவில்லை. அவரைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தெருவில் யாரையும் விசாரிக்க வேண்டாம்.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். அந்தப் பதினாலு வீட்டில் சாம்பிராணிப் புகைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவர் யாருமில்லை. பெற்ற மகளும் இல்லை. நான் ஒருத்திதான் கடைசிவரை அந்த வீட்டில் இருந்தேன். என்னைப் போல அவரைப் பார்த்துக்கொள்ள யாராலும் முடிந்திருக்காது.

இப்படிக்கு,
து. கவிதா