ஆற்றங்கரைக் குடிசையின் பூட்டை உடைத்தது பற்றி

என் பெயர் ஃபெக்லா ஸ்லெப்சோவா, வயது 54, தந்தை பெயர் இன்னோகென்தி. யாகூத்தியாவின் வடக்கே சாய்லிக் ஊரில், கொதிகலன் தெரு ஏழாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். சொந்த வேன் ஓட்டிப் பிழைக்கிறேன். ஆறு உறைந்து பாதையாகும் மாதங்களில்தான் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வண்டி போகும். பத்தொன்பது குளிர்காலமாக அதில் ஓட்டி வருகிறேன். பூட்டை உடைத்தது நான்தான். அதை மறைக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்வேன், நடுவில் நிறுத்தக் கூடாது என்று இதை எழுதும் போலீஸ் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 14 அன்று கண் பரிசோதகர் நியுர்குயானா, வயது 26, என்பவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஐந்து ஊர்களில் கண் பார்த்துக் கண்ணாடி கொடுப்பது அவர் வேலை. மூன்று ஊர்கள் முடித்து, 17 அன்று காலை நான்காவது ஊரான தாஸ்-அலாஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். குளிர் மைனஸ் 49. அதன் பிறகு, நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஆற்று ஐஸுக்கு மேலே, பனிக்கு அடியில் ஊறி நின்ற தண்ணீரில் வேன் இறங்கி, இன்ஜின் நின்றுவிட்டது. நான் சொல்வதற்குள் அந்தப் பெண் தள்ளுவதற்காகக் கீழே குதித்தாள். முழங்கால் வரை நனைந்துவிட்டது.

கரையில் ஐந்நூறு அடி தூரத்தில் குடிசை தெரிந்தது. பாதையில் போகிற எல்லோருக்கும் பொதுவான குடிசை அது. யார் கட்டியது என்று எனக்குத் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. அதற்குக் கதவு உண்டு, பூட்டு என்றைக்கும் கிடையாது. வேனில் இருந்த கோடாரியை எடுத்துக்கொண்டு அவளை நடத்திப் போனேன். பாதி வழியில் அவள், "அக்கா, இப்ப கால் வலிக்கவே இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வலிக்கலன்னா கால் உறையுதுன்னுதான்டி அர்த்தம், பேசாம நட" என்றேன்.

அதன் பிறகு கதவைப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பக்கத்தில் ஒரு காகிதம்: "சாவி தேவைப்படுவோர் அலுவலக நேரத்தில் சாய்லிக் பாதைப் பராமரிப்பு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளவும்." கையெழுத்து, மேற்பார்வையாளர் ரோதியோன். சாய்லிக் அங்கிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர். இந்த மனிதர் நவம்பரில்தான் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர். குடிசையிலிருந்த கெட்டிலை யாரோ தூக்கிப் போய்விட்டார்களாம், அதனால் பூட்டினாராம். ஒரு கெட்டிலுக்காக! அதிகாரி குரலைத் தாழ்த்தச் சொன்னார். தாழ்த்தினேன்.

கோடாரியின் பின்புறத்தால் இரண்டு அடி அடித்தேன். அந்தக் குளிரில் இரும்பு பிஸ்கட் மாதிரி உடையும். உள்ளே அடுப்பில் விறகு அடுக்கி, அடியில் சட்டெனப் பற்றும் பிர்ச் மரப்பட்டை வைத்திருந்தது. தீப்பெட்டி பாதி திறந்து, குச்சிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விரல் மடங்காமல் வருகிறவன் பல்லால் இழுத்துக்கொள்ளட்டும் என்று எங்கள் ஆட்கள் எப்போதும் அப்படித்தான் வைப்பார்கள். நானும் பல்லால்தான் இழுத்தேன்.

அவள் பூட்ஸைக் கத்தியால் கிழித்துக் கழற்றி, இரண்டு பாதங்களையும் என் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து வலி வந்து அவள் கத்தினாள். "கத்துடி தங்கம், நல்லாக் கத்து" என்றேன். நானும் அழுதேன். இடது கால் சுண்டுவிரல் மட்டும் போயிற்று. மறுநாள் காலை ஒரு லாரி வந்து வேனை இழுத்துவிட்டது. புறப்படும் முன் விறகு பிளந்து அடுப்பில் அடுக்கி, தீப்பெட்டியை வைக்க வேண்டியபடி வைத்து, கதவைக் கம்பியால் கட்டினேன்.

அதன் பிறகு இந்தப் புகார். அதன் மூன்றாம் வரியை அதிகாரியை உரக்கப் படிக்கச் சொன்னேன். 21 அன்று ரோதியோனின் ஜீப் அதே பாதையில் நின்றுபோய், அவர் ஒதுங்க அந்தக் குடிசைக்கு வந்தபோதுதான் பூட்டு உடைந்திருப்பதைக் கண்டாராம். கண்டாராம்! அன்றைக்கு மைனஸ் 52. பூட்டு இருந்திருந்தால் உறைந்த துளையில் அவர் சாவி திரும்பியிருக்குமா? அவர் பற்றவைத்தது நான் அடுக்கிய விறகு. கை சூடேறியதும் அதே கையால் என் மேல் புகார் எழுதியிருக்கிறார்.

புகாரில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். 24 அன்று திரும்பி வரும்போது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அதையும் நான்தான் உடைத்தேன். உள்ளே அடுப்பில் வெறும் சாம்பல். தீப்பெட்டி காலி. ஒரு சுள்ளிகூட அடுத்தவனுக்கு இல்லை. பூட்டை உடைத்தது குற்றமென்றால் இரண்டென்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வெறும் அடுப்புக்காக ரோதியோன் மேல் நான் புகார் கொடுக்கிறேன், அதையும் பதிவு செய்யுங்கள். அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று அதிகாரி சொன்னார். பிரிவு எண்ணுக்கு இடம் விட்டு எழுதுங்கள் என்றேன்.

உடைந்த இரண்டாவது பூட்டை மேசை மேல் வைத்துள்ளேன். அடுப்பில் திரும்ப விறகு அடுக்கிவிட்டுத்தான் வந்தேன். படித்துக் காட்டினார்கள், நான் சொன்னது ஒன்றும் குறையவில்லை, கூடவும் இல்லை.

(ஒப்பம்) ஃபெக்லா ஸ்லெப்சோவா