அதே இடத்தில் தண்ணீர் குடித்தேன்

— ஃபுட்பால் ஸ்டேடியத்துல எண்பதாயிரம் சீட் மாப்ள. சனிக்கிழமை ஒண்ணுகூட காலியா இருக்காது. டெக்சஸ்ல தடுக்கி விழுந்தா ஒரு நல்ல பிளேயர் மேலதான் விழணும். அந்த கார்வின் காலேஜ விட்டுட்டு டன்மோருக்குப் போறேங்கிற.

— டென்னசி மலைக்காரங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, ரஸ்ஸல். டன்மோர்ல போன கோச் நாலு வருஷம் வரிசையாத் தோத்தான். கேக் வெட்டி அனுப்பியிருக்காங்க.

— கப்பு வாங்கி இருபது வருஷம் ஆச்சு. பொறுமையா இல்லாம என்ன செய்வாங்க?

— கார்வின்ல ஆறு வருஷத்துல நாலு கோச். ஒருத்தன் இடைவேளைல பாத்ரூம் போயிட்டு வந்தானாம், அவன் ஹெட்செட்ட வேற ஆள் மாட்டியிருந்தானாம்.

— அது தோத்தவனுக்கு. நம்ம சின்ன காலேஜ வெச்சே நீ அரையிறுதி ஜெயிச்ச. எங்க போனாலும் இப்ப மாதிரியே உன் அசிஸ்டன்ட்டா டிபென்ஸ நான் பாத்துக்கறேன். அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும், ஞாபகம் இருக்குல்ல?

— இருக்கு.

— அப்புறம் என்ன? இன்டர்வியூ முடிஞ்சு கார்வின் கமிட்டி எழுந்து நின்னு கை குடுத்துச்சுன்ன.

— டன்மோர்லயும் நின்னாங்க. ரெண்டு இடத்துலயும் ஆட்டத்தப் பத்தி அதிகமா கேக்கல. மனைவி இறந்து ஒரு வருஷம்தான் ஆகுது, மனசு வேலைல நிக்குமான்னு கேட்டாங்க. டெலியாவப் பத்தி சொன்னேன்.

— என் தங்கச்சியப் பத்தி நீ சொல்லாம யாரு சொல்றது?

— ஆஸ்பத்திரி ரூம், அரையிறுதிக்குக் கிளம்பின பஸ், எல்லாம் சொன்னேன். அவ என் கையப் புடிச்சு 'போ, ஜெயிச்சுட்டு வா'ன்னு அனுப்பினதா சொன்னேன். அந்த இடத்துல நிறுத்தித் தண்ணி குடிச்சேன். ஜெயிச்சுட்டு வந்தப்ப அவ இல்லைன்னு முடிச்சேன். ஒரு பெரியவர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு.

— சரி, விடு.

— மூணு நாள் கழிச்சு டன்மோர். அங்கயும் அதே இடத்துல நிறுத்தினேன் மச்சான். தாகமே இல்ல. தண்ணி குடிச்சேன்.

— எல்லா கோச்சும் விக்கறவன்தான். டீம்ல சேக்கறதுக்காக பிளேயர் வீட்டு அடுப்படில உக்காந்து, அவங்கம்மா சுட்ட ஆப்பிள் பைய மூணு துண்டு தின்னுட்டு, 'உங்க மகன் இனி என் மகன்'னு நீ சொன்னதே இல்லையா?

— இது வேற. ஃபிளைட்ல வரும்போது எந்த ஊர்ல அதிகம் அழுதாங்கன்னு மனசுக்குள்ள ஒப்பிட்டுப் பாத்தேன். டன்மோர்ல ஒரு அம்மா தாங்க முடியாம வெளிய போனாங்க. அதனாலதான் டன்மோர். நீ ஸ்டேடியத்த எண்ணிட்டிருக்க.

— நம்பிட்டாங்கல்ல. அதுக்கு மேல எதுக்குக் கிளறணும்?

— அவ 'போ'ன்னு சொல்லல.

— மணி நாலரை, மாப்ள. ஃபோன எடு.

— 'இன்னிக்கு மட்டும் இரு'ன்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன். கைய விடல. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன். அடக்கத்தன்னிக்கு உங்கப்பா, அவ கடைசியா என்ன சொன்னான்னு கேட்டாரு. வாய்ல வந்தது அந்தப் பொய். அன்னிலேருந்து அதையே சொல்லிட்டிருக்கேன். காதுல விழுதா?

— விழுது.

— என்ன மனுஷன் நீ? உன் கூடப் பொறந்தவ. என்னைக் கன்னத்துல ஒண்ணு அறையக்கூடத் தோணலையா?

— தோணல.

— ரெண்டு வேலையும் வேணாம்னு சொல்லிடறேன். உன் பொழப்பும் போகும், தெரியும். நீ ஏதாவது சொல்லு.

— பஸ் ஆத்துப் பாலம் தாண்டும்போது டெலியா எனக்கு ஃபோன் பண்ணினா, ஹார்லன். 'அவர் ஃபோன் அணைஞ்சிருக்கு, அவரத் திருப்பி அனுப்புண்ணே'ன்னு அழுதா. சரின்னேன். உனக்குப் பின் சீட்லதான் உக்காந்திருந்தேன்.