ஹீட்டர்: சுமார்

வீட்டுக்கு மதிப்புப் போடப் போகும்போது நான் ஷூவை வாசலிலேயே கழற்றிவிடுவேன். விற்கிறவர் வெள்ளைக்காரராக இருந்தாலும் அப்படித்தான். பிறர் வீட்டை அழுக்காக்குவது எனக்குப் பிடிக்காது. என் பெயர் சேனாபதி. பதினோரு வருடமாக அமெரிக்காவில் எடிசன் என்ற ஊர்ப் பக்கத்து வீடுகளுக்கு, கடன் கொடுக்கும் வங்கிகளுக்காக மதிப்பு எழுதிக் கொடுக்கிறேன்.

1998 நவம்பரில் ரஞ்சித்குமார் வாங்கவிருந்த வீட்டைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை. மனைவி தாமரைச்செல்வி, நாலு வயதில் ஓவியா. பேஸ்மென்ட்டில் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் துருப்பிடித்து, சிம்னியிலிருந்து நான்கு விரல் அளவு விலகியிருந்தது. ஹீட்டர் ஓட ஓட விஷவாயு வீட்டுக்குள்தான் வரும். டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தேன்.

தெரிந்த ஆபத்தை எழுதியே ஆக வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. ஆனால் வங்கி கொடுத்த மென்பொருளில் குறிப்புக்கு மூன்று வரிதான். நாலாவது வரியை அது விழுங்கிவிடும். தனித்தாள் இணைத்தால் அறிக்கையே திரும்பி வரும். ஹீட்டருக்கு ‘மோசம்’ என்று போட்டால் பழுதுபார்க்கும்வரை கடன் நிற்கும். சுந்தரராமன் என்ற தொழில் நண்பர் இப்படிப்பட்ட வீடுகளைப் பற்றி வங்கிக்குத் தனிக் கடிதம் ஃபேக்ஸ் அனுப்புவார். வங்கி அவருக்கு வேலை கொடுப்பதைக் குறைத்துவிட்டது.

மார்கழி பிறப்பதற்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று தாமரைச்செல்வி தினமும் போன் செய்தாள்.

“இன்ஸ்பெக்‌ஷன் தனியா வேற பண்ணணுங்களா அங்கிள்? நம்ம ஆளு, நீங்களே பாத்துட்டீங்கல்ல?”

மதிப்புப் போடுகிறவன் வேறு, வீட்டைச் சோதிக்கிறவன் வேறு. நம்மவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. “அதெல்லாம் எதுக்கும்மா, டேட் தள்ளிப் போயிடும்” என்றேன். ஹீட்டருக்கு ‘சுமார்’ என்று போட்டேன். மூன்று வரியிலும் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகள் எவ்வளவு பக்கம் என்று எழுதினேன்.

கிருகப்பிரவேசத்துக்கு என்னையும் அழைத்தார்கள். ஹோமம் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பழைய வீட்டுக்காரர் மாட்டிவைத்திருந்த விஷவாயு அலாரம் கத்தத் தொடங்கியது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

“ஹோமப் புகைங்களா அங்கிள்?” என்றான் ரஞ்சித்குமார்.

“ஆமாப்பா. புகை உள்ளயே நிக்குது.”

ஸ்டூல் போட்டு ஏறி நானே பேட்டரியைக் கழற்றினேன். காதைப் பொத்திக்கொண்டிருந்த ஓவியா, “தேங்க் யூ, அங்கிள்” என்றாள். பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “அலாரமே பழசு. வெயில் காலத்துல புதுசு வாங்கி மாட்டிக்கலாம்” என்று சொன்னேன். அவர்கள் நான் சொன்னதை அப்படியே கேட்டார்கள்.

ஜனவரியில் கடுங்குளிர் இறங்கியது. ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்களாம். திங்கள்கிழமை ஆபீசுக்கு வரவில்லையே என்று தேடிப் போனவர்கள்தான் மூன்று பேரையும் பார்த்தார்கள்.

விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அலாரம் ஏன் கத்தியது என்று ஸ்டூலில் ஏறும்போதே எனக்குத் தெரியும். கத்த விட்டிருந்தால் யாராவது பேஸ்மென்ட்டுக்குப் போயிருப்பார்கள், என் அறிக்கை வெளியே வந்திருக்கும். அதனால்தான் கழற்றினேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நல்ல நாளும் அதுவுமாக அவர்களைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.