மேல் தட்டில் ஒரு சிவப்புக் கவுன்

உங்கள் மேசையில் இருக்கிற இந்தப் பிரேம் நல்ல தேக்கு, மேடம். செல்லரிக்காது. அப்பா இறந்தபோது அவர் படத்துக்காக மார்த்தாண்டத்தில் செய்யக் கொடுத்தது. பிறகு அவருக்குப் பெரிய படம் ஒன்று மாட்டினோம், இது சும்மா கிடந்தது. நல்ல பொருளை வீணாக்க எனக்கு மனம் வராது.

பின்பக்கம் பிளைவுட்டில் ஆழமில்லாத பெட்டி அடித்து, நடுவில் ஒரு பலகை வைத்தேன். மேலும் கீழுமாக இரண்டு தட்டு ஆயிற்று. உச்சியில் இருந்த சிவப்புப் பல்பைக் கழற்றவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் செத்தவர்கள் படத்துக்கு மேல்தான் அந்தப் பல்பு எரியும். பொம்மைகளுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று விட்டுவைத்தேன். அப்போது வேறு எண்ணம் இல்லை.

பொம்மைகள் பிரீனாவுடையவை. என் தங்கை பிளஸ்ஸியின் மகள். கணவன் விட்டுப் போனதும் பிளஸ்ஸி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். குழந்தைக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் நான் பார்த்துக்கொள்வேன் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சளிக்கு ஆவி பிடித்தது, வயிற்றுப்போக்குத் துணி அலசியது, நடக்கப் பழக்கியது எல்லாம் நான். கோயிலில் ஜெபிக்கும்போது, பிள்ளையைப் பிரிந்து தூரதேசத்தில் பாடுபடும் சகோதரி என்று பிளஸ்ஸியின் பெயரைச் சொல்வார்கள். என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. பெண்கள் சங்கத்துக்குப் போனால் பக்கத்து வீட்டு நேசபாய், "சம்பளம் வாங்காத ஆயா வந்தாச்சி, எடம் விடுங்கட்டி" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து, கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பவும் எடுத்துக் கழுவுவேன்.

வீடியோ காலில் பிளஸ்ஸி வந்தால் பிரீனா போனுக்கே முத்தம் கொடுப்பாள். பேசி முடித்தபின் அவளுக்கு என் கையால் ஒரு வாய் சோறு இறங்காது. எச்சில் படிந்த போனைத் துடைத்து வைப்பது நான்.

குவைத்திலிருந்து யார் வந்தாலும் பிளஸ்ஸி சாக்லேட் முட்டை கொடுத்தனுப்புவாள். அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன பொம்மைகளுக்குப் பிரீனா எங்கள் பெயர்களை வைத்தாள். தாடிக்காரப் பொம்மையை மேல் தட்டில் நிறுத்தி, "தாத்தா பல்புக்குக் கீழ. அது இயேசப்பா வீடு" என்றாள். அவளும் நானும் கீழ்த் தட்டில். சிவப்புக் கவுன் போட்ட பொம்மை அவள் அம்மா. அதை மட்டும் எங்கேயும் வைக்கமாட்டாள். கைக்குள் மூடிக்கொண்டே தூங்குவாள்.

ஒருநாள் பிளஸ்ஸி கூப்பிட்டாள். "அக்கா, விசா சரியாயாச்சி. ஸ்கூல் தொறக்கதுக்குள்ள வந்து பிள்ளைய கூட்டிட்டுப் போறேன். நீயும் இனி ஓய்வா இரியேன். எனக்காவ எவ்வளவு ஓடிட்ட."

அன்பாகத்தான் சொன்னாள். வேலைக்காரியைக்கூட அப்படித்தான் அன்பாக நிறுத்துவார்கள்.

அன்று மத்தியானம் பிரீனா உறங்கும்போது அவள் விரல்களை மெதுவாக விலக்கி அந்தப் பொம்மையை எடுத்தேன். மேல் தட்டில், தாத்தாவுக்குப் பக்கத்தில், பசை வைத்து நிறுத்தினேன். கண்ணாடியைப் போட்டுச் சுற்றிலும் ஆணி அடித்தேன். பல்பை எரியவிட்டேன்.

எழுந்து வந்து பார்த்தாள்.

"பெரியம்மா, எனக்க அம்மா எதுக்கு அங்க நிக்கா?"

"நீயே பாரு மக்கா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, மேடம். அந்த வார்த்தை ஒருமுறைகூட என் வாயிலிருந்து வரவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள். கண்ணாடியில் இருக்கிற விரிசல் அன்று அவள் கையால் குத்தியதில் வந்தது. பெரிய காயமில்லை. மருந்து போட்டுக் கட்டினேன்.

உன் முகத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு ஏங்கிக் காய்ச்சல் வருகிறது, கொஞ்ச நாள் கூப்பிடாதே என்று பிளஸ்ஸியிடம் சொன்னேன். அழுதாள். ஆனால் அக்கா பேச்சைக் கேட்பாள். படுக்கப்போகும்போது பிரீனா, "இயேசப்பா, அம்மாவ நல்லா பாத்துக்கிடும்" என்று ஜெபிப்பாள். நான் ஆமென் சொல்வேன்.

பிறகு என் கையால் சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் உறக்கத்தில் "அம்மா" என்றாள். பக்கத்தில் படுத்திருந்தது நான்தானே.

பிளஸ்ஸி சொல்லாமல் வந்துவிட்டாள். சொல்லியிருந்தால் ஏதாவது செய்து குழந்தையைத் தயார்படுத்தியிருப்பேன். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு, "மக்கா, அம்மா வந்திட்டேன்டி" என்று கையை விரித்தாள். பிரீனா நின்ற இடத்திலேயே மூத்திரம் போனாள். ஓடிவந்து என்மேல் ஏறிக்கொண்டாள்.

"என்னையும் இயேசப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவவா வந்திருக்கா? நான் வரமாட்டேன்னு சொல்லுங்க பெரியம்மா."

அவ்வளவு இறுக்கமாக அவள் என் கழுத்தைக் கட்டியது அதுதான் முதல் தடவை. விரித்த கையை மடக்கத் தோன்றாமல் பிளஸ்ஸி அப்படியே நின்றாள். பல்பு எரிகிற பிரேமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பசை வைத்தது, ஆணி அடித்தது, போனை நிறுத்தியது எல்லாம் நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடம் இருக்க விருப்பம் என்று பிரீனாவிடமே கேளுங்கள். குழந்தை பொய் சொல்லாது. கேட்கும்போது மட்டும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.