பெடலை விடாதே

பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு உங்களுக்கு யாருய்யா சொன்னது? இது நடந்தது பகல் மூணு மணிக்கு. ஜூலை மாசம். திரிப்பொலி ஊருக்கு மேல, மைனாலோ மலை ரோடு... அந்நேரம் ஊரே கதவைச் சாத்திட்டுத் தூங்கும். வளைவுல தனியா ஒரு தகர ஷெட். அதுக்குள்ள லாம்ப்ரோஸ், நம்ம பேக்கரி தானோஸோட மச்சான்.

கிட்ட வாங்க. இது கத்திச் சொல்ற கதை இல்ல.

லாம்ப்ரோஸும் அவன் தம்பி ஃபோட்டிஸும் மலை ரோட்டுல கார்ப் பந்தயம் ஓட்டுறவங்க. சின்னக் கார்தான், ஆனா துள்ளும். போன வருஷம் அதுக்குப் பெரிய டிஸ்க்கு, புது பிரேக் எல்லாம் போட்டாங்க. போட்டா, பிரேக் ஆயில் பைப்புல இருக்குற காத்தை எடுக்கணும். ஒருத்தன் உள்ள உக்காந்து பெடலை மிதிப்பான். இன்னொருத்தன் சக்கரத்துகிட்ட படுத்து, காத்து வெளிய போற சின்ன திருகு, அந்த நிப்பிளைத் திறப்பான். "மிதி." "மிதிச்சாச்சு." "பிடி..." நிப்பிளை மூடின பிறகுதான் "விடு". அதுக்கு முன்னால காலைத் தூக்கினா, காத்து திரும்ப உள்ள போயிரும், அப்புறம் பிரேக் பிடிக்காது.

கடைசிச் சக்கரம். லாம்ப்ரோஸுக்குப் போன் அடிச்சுது. காலைத் தூக்கிட்டான்... ஒரே நொடி.

"என்னண்ணே, பிடிச்சிருக்கியா, தூங்கிட்டியா?"

"பிடிச்சுத்தான்டா இருக்கேன். வேலையைப் பாரு."

பொய். அந்த ஞாயித்துக்கிழமை பந்தயத்துல, ஏத்தத்துல ஒண்ணும் தெரியல. பிரேக் சூடாகி, இறக்கத்துல ஃபோட்டிஸ் மிதிச்சப்போ... பெடல் தரை வரைக்கும் போயிருச்சு. ஃபோட்டிஸ் அங்கேயே போயிட்டான். லாம்ப்ரோஸ் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. அந்தப் பொய் ஒரு வருஷமா அவனை அரிச்சுது.

நசுங்கின காரை அவனே நிமித்தினான். தம்பி பேர்ல ஓட்டணும்னு பிடிவாதம். இன்னும் பெரிய பிரேக்கா வாங்கிப் போட்டான். மனசு ஆறும்னு நெனச்சான், பாவம். துணைக்கு யாரையும் கூப்பிடல. தனியா காத்து எடுக்க ஒரு பம்ப் வச்சிருந்தான். பெடல் எப்படி இருக்குன்னு பார்க்க உள்ள உக்காந்தான்...

டக்.

பின் சக்கரத்துகிட்ட ஸ்பேனர் விழுற சத்தம். வண்டி நகரவே இல்ல... ஆனா கருகின பிரேக் நாத்தம்.

"மிதி."

மிதிச்சுட்டான். வாய் தானா சொல்லுது... "மிதிச்சாச்சு."

"பிடி."

காலுக்கு அடியில பெடல் மெல்ல இறங்குது. அங்க யாரோ திறக்குறாங்க. கண்ணாடியில பார்க்குறான்... ஷெட்டு காலி. 'விடு'ன்னு வரும்னு காத்திருக்கான். வரல. காலை எடுக்கப் பார்க்குறான், முடியல. எடுத்தா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியாதா? அழுதான். "மன்னிச்சிருடா... அன்னைக்கு விட்டுட்டேன்டா..." கால் மட்டும் பெடல் மேலயே இருக்கு.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் பொண்டாட்டி அரெத்தியும் தானோஸும் தேடிப் போய், ரெண்டு பேருமா இழுத்து வெளிய எடுத்தாங்க. தானோஸ்கிட்ட மட்டும்தான் எல்லாத்தையும் சொன்னான்.

டாக்டருங்க பார்த்துட்டாங்க. எலும்பு, நரம்பு எல்லாம் சரியாம். ஆனா வலது பாதம் மிதிச்சது மிதிச்சபடியே நிக்குது. தூக்கத்துலயும்.

போன வாரம் அவன் அசந்து தூங்கும்போது, அரெத்தி அந்தப் பாதத்தை மெதுவா மேல தூக்கிப் பார்த்திருக்கா.

கட்டிலுக்கு அடியில இருந்து...

"அண்ணி... நான் இன்னும் மூடல."