பள்ளிக்கு எதிரே நான் வெட்டிய அரளி

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

பிள்ளை தூங்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிந்தது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் பெயர், வயது, முகவரி ஆகியவை நிலைய ரைட்டர் நிரப்பிய முதல் தாளில் உள்ளன, அவை சரியே. நான் பட்டதாரி. நர்சரி பள்ளிக்குப் போகும் பெண் குழந்தைக்குத் தாய். என் மீது செடி பராமரிப்பு ஒப்பந்தக்காரர் கொடுத்த புகார் குறித்து இதை யார் தூண்டுதலும் இன்றி எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனைச் சாலையின் நடுவே மீடியன் கட்டி அரளி வைத்த பிறகு வண்டிகள் நேருக்கு நேர் மோதுவது நின்றுவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கு எதிரே ஆட்கள் கடக்க விட்ட இடைவெளியில், இருபுறமும் அரளி என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. வரும் வண்டி நமக்குத் தெரியாது, நாம் வண்டிக்காரருக்குத் தெரியமாட்டோம். எட்டிப் பார்க்கவே சாலையில் காலை வைத்தாக வேண்டும்.

சென்ற மாதம் குழந்தையை அழைத்துவரப் போன என் நாத்தனார் அப்படிக் காலை வைத்தபோது பைக் மோதித் தொடை எலும்பு முறிந்தது. குழந்தையைப் பின்னால் தள்ளிவிட்டதால் அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பைக்கில் வந்த பையன் மருத்துவமனை வாசலில் நின்று, "செடிக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்துச்சுக்கா" என்று அழுதான்.

அதன் பிறகு நான் சாலைத்துறை அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர், "இரும்புத் தடுப்பு போடுறதோட பாத்தா செடி செலவே இல்லம்மா. எதிர் லைட்டும் கண்ணுல அடிக்காது. நல்ல திட்டம்" என்றார். நல்ல திட்டம்தான், அந்த முனையில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள் என்றேன். தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் ஒப்பந்தமாம், வெட்டுவது அதில் இல்லையாம். என் நாத்தனாரின் தொடைக்குள் வைத்த கம்பி எந்தத் திட்டத்தின் செலவு என்று கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அதன் பிறகு மனு கொடுத்தேன், பதில் இல்லை. அதன் பிறகு, சென்ற ஞாயிறு காலை, வீட்டு அரிவாளை எடுத்துப்போய் இடைவெளியின் இருபுறமும் நானே வெட்டினேன். வேரைத் தொடவில்லை. அரளிப் பால் பட்ட விரல்கள் இன்னும் எரிகின்றன. அப்போது வந்த ஒப்பந்தக்காரர், "யம்மா, உங்க அப்பன் வீட்டுத் தோட்டமா இது? போட்டோவுல பச்சை தெரியலன்னா எனக்கு பில் வராது" என்று கத்தினார். அரிவாளைக் காட்டி மிரட்டியதாக அவர் சொல்வது பொய். "உங்க பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு இந்தச் செடிக்குப் பின்னால நின்னு ஒரு தடவை ரோட்டைத் தாண்டிக் காட்டுங்கண்ணே" என்றுதான் சொன்னேன். அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு நிலையத்தில் ரைட்டர், "மனசு சரியில்லாம, தெரியாம பண்ணிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா, கேஸே இல்ல. அந்த காண்ட்ராக்டரு ஆள் உயரச் செடியா கொண்டாந்து வச்சுக்கட்டும்" என்றார். என் கணவரும், "எழுதிக் குடுத்துத் தொலையேன்டி, ஊர் வம்பெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார். ஊர் வம்பாம்! அவர் தங்கைதான் கட்டிலில் கிடக்கிறாள்.

நான் அப்படி எழுத மாட்டேன். என் மனசு சரியாகத்தான் இருந்தது. தெரிந்தேதான் வெட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று நான் எழுதிய மறுநாளே அதே இடத்தில் அதே உயரத்துக்குச் செடி வந்து நிற்கும். வழக்குப் போடுவதானால் போடுங்கள். நீதிமன்றத்திலும் இதையேதான் சொல்வேன்.

மேலே உள்ளதெல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான். படித்துப் பார்த்தே கையெழுத்திட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)

வரும் திங்கட்கிழமை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. குழந்தையோடு நான் அங்கேதான் கடக்க வேண்டும். அந்த முனையில் மறுபடி உயரச் செடி வைக்க விடுவீர்களா, மாட்டீர்களா என்று அதற்கு முன் தயவுசெய்து பதில் அனுப்புங்கள்.